மூன்று இடத்தில் விசாரித்தேன்

ஜூன் 3, செவ்வாய்

மதுரைக்குப் போய் வந்தோம். ஜெயக்கொடிக்குக் கிரியாட்டினின் 4.1. பிப்ரவரியில் 3.2 இருந்தது. சிறுநீரகம் ஓயஓய இந்த எண் ஏறும் என்பது வரைக்கும் எனக்குப் புரிகிறது. ஏறின மல்லி விலை என்றைக்காவது இறங்கும். இது அந்த மாதிரி எண் இல்லை.

டாக்டர் மெஹருன்னிசா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. டயாலிசிஸ் இன்றைக்குத் தேவையில்லை, ஆனால் வரும், வருஷக் கடைசிக்குள்கூட வரலாம் என்றார். அதற்கு முன்னால் இடது கையில் சின்ன ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக்குழாயை இணைத்து வைக்க வேண்டுமாம். ஃபிஸ்டுலா என்கிறார்கள். அது தேறி வரவே ஒன்றரை இரண்டு மாதம் ஆகுமாம். தள்ளிப்போட்டால் அவசரத்தில் கழுத்து வழியாகக் குழாய் போட வேண்டி வரும், அதில் கிருமி சேரும் ஆபத்து அதிகம் என்றார். இருபதாம் தேதி வெள்ளிக்கிழமைக்கு இடம் போட்டு வைத்திருக்கிறார்.

"வேற எதாச்சும் சாப்பிடுறீங்களா? கஷாயம், லேகியம்?" என்று கேட்டார். ஜெயக்கொடி இல்லை என்று தலையாட்டினாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்க கடையில இருக்கிறதையும் சேத்துத்தான் கேக்கிறேன்." நாட்டு மருந்துச் சரக்கு மொத்த வியாபாரி என்று என் பெயர் அட்டையில் போட்டிருக்கிறதே, மறைக்கவா முடியும். இல்லை என்றேன். உண்மையும் அதுதான்.

காரில் திருமங்கலம் தாண்டும்போது ஜெயக்கொடி இடது கையை முந்தானையால் மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "கையக் கீறிட்டா அப்புறம் அந்த மிசினோடதான கடேசி வரைக்கும்."

என்னுடையதைக் கொடுக்கலாம் என்றால் எனக்குச் சர்க்கரை. பையன் கப்பலில் இருக்கிறான், இந்த மாதம் முழுக்கக் கடல். அவனிடம் இப்போது சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஜூன் 4, புதன்

சிவகாசியிலிருந்து அவள் அண்ணன் ரத்தினசாமி வந்தார். கையில் இணையத்திலிருந்து அச்செடுத்த நாலு தாள். சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும் சூரணமாம். ஏழு சரக்கு. நெருஞ்சில், சிறுபீளை, மூக்கிரட்டை என்று ஆரம்பித்து ஆடுதீண்டாப்பாளை வரைக்கும் போகிறது. ஏழும் என் கிட்டங்கியில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிற சரக்கு. அவர் தெருவில் ஒருவருக்கு ஆறிலிருந்து இரண்டுக்கு இறங்கிவிட்டதாம். நீங்கள் பார்த்தீர்களா என்றேன். பார்த்தவர் சொன்னார் என்றார்.

மச்சான் போன பிறகு ஜெயக்கொடி அந்தத் தாளை என் முன்னால் வைத்தாள்.

"உங்களுக்குத் தெரியாத சரக்கா? நீங்க பாத்துச் சொல்லுங்க. நல்லதுன்னா குடிக்கிறேன். இல்லைன்னா கையக் குடுத்துர்றேன்."

எனக்குத் தெரியும்தான். எது எந்த மாசம் வரும், எதில் தண்டு கலப்பான், எது ஈரம் வாங்கினால் பூசணம் பிடிக்கும், எல்லாம் தெரியும். எது எதற்கு நல்லது என்று யாராவது கேட்டால், உங்களுக்கு என்ன தொந்தரவு என்று திருப்பிக் கேட்பேன். சொன்னதும், அதற்குத்தான் இது ரொம்ப நல்லது என்பேன். முப்பது வருஷம் இப்படித்தான் ஓடியது. இன்றைக்கு என் வீட்டிலேயே அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

மழை இல்லை. நிலாவாரை இலை வரத்து குறைவு. ஜெயக்கொடி காலை இட்லியில் ஒன்றை மிச்சம் வைத்துவிட்டாள்.

ஜூன் 7, சனி

கடையில் உட்கார்ந்து கைப்பேசியிலேயே தேடினேன். ஒன்பதாவதோடு நின்ற படிப்பு. இங்கிலீஷ் பக்கம் வந்தால் தமிழாக்கும் பொத்தானை அழுத்திக்கொள்கிறேன். அது செய்கிற தமிழைப் படிக்க ஒரு தனிப் பொறுமை வேண்டும்.

எனக்கு ஒரு கணக்கு உண்டு. மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலத்திலிருந்து அதுதான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. விலை தெரிய வேண்டுமா, மூன்று தரகரிடம் தனித்தனியாகக் கேள். மூன்று பேரும் ஒரே விலை சொன்னால் அது சந்தை விலை. ஒருவன் கூட்டினாலும் குறைத்தாலும் அவனிடம் சரக்கு தேங்கியிருக்கிறது.

அதே மாதிரி மூன்று இடத்தில் பார்த்தேன். முதல் பக்கம் ஏதோ மூலிகை ஆராய்ச்சி மையம் என்கிறது. இரண்டாவது ஆரோக்கியக் கட்டுரைகள் போடுகிற பக்கம். மூன்றாவது பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டவர் படம். மூன்றும் ஒரே மாதிரி சொல்கின்றன: எண்பத்திரண்டு பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பெரும்பாலோருக்குக் கிரியாட்டினின் இறங்கியது, பக்கவிளைவு இல்லை. வெளிநாட்டு ஆராய்ச்சி இதழில் வந்திருக்கிறதாம்.

மனசு கொஞ்சம் லேசானது. மறைப்பானேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டாள். "பாத்தேன். மூணு இடத்துல விசாரிச்சேன். நல்ல சரக்காத்தான் தெரியுது" என்றேன். அதற்குள் லாரி ஆபீஸிலிருந்து போன். மீதியை அப்புறம் பேசலாம் என்று எழுந்துவிட்டேன். முடிவாக ஒன்றும் சொல்லவில்லை. அந்த இதழையும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

கிட்டங்கிக்குப் பூச்சி மருந்து அடித்தோம். வீட்டுக்கு வந்தும் கசப்பு வாடை மூக்கை விட்டுப் போகவில்லை. சட்டையைக் கழற்றி வாளியில் போட்டேன். அப்படியும் அடுக்களையில் அடிக்கிறது. என் தோலிலேயே ஊறிப்போயிருக்கும். கல்யாணமான புதிதில் இந்த வாடைக்கு ஜெயக்கொடி முந்தானையால் மூக்கைப் பொத்துவாள்.

இன்றைக்கு அவள் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி. ஆபரேஷன் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

அந்த இதழ் கட்டுரை கிடைக்கவில்லை. மூன்று பக்கத்திலும் அடியில் 'ஆதாரம்' என்று போட்டிருக்கிறது. மூன்றாவதில் அதைத் தொட்டால் இரண்டாவது பக்கம் திறக்கிறது. இரண்டாவதில் தொட்டால் முதல் பக்கம். முதல் பக்கத்தில் தொட்டால் சூரணத்தைக் கூடையில் போடு என்கிறது.

தமிழ் இணையக் கல்விக்கழகத்து மின்னூலகம் என்று ஒன்று இருக்கிறது, பழைய சித்த மருத்துவப் புத்தகங்களை அப்படியே படம் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று கணக்கப்பிள்ளை கந்தவேல் சொன்னார். திறந்து பார்த்தேன். காசு கேட்கவில்லை, எதையும் வாங்கச் சொல்லவில்லை. எந்த வருஷம், எந்த அச்சகம், எல்லாம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த ஏழு சரக்கும் சேர்ந்த சூரணம் நான் புரட்டியவற்றில் காணவில்லை. புரட்டாதது நிறைய இருக்கிறது. அதனால் இல்லை என்று சொல்ல முடியாது.

பனங்கற்கண்டு தீர்ந்துவிட்டது என்று ஜெயக்கொடி வாங்கி வரச் சொன்னாள். போன வாரம்தான் வாங்கினேன்.

ஜூன் 11, புதன்

இன்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

காலையில் மிளகாய் வத்தல் விலை கேட்டேன். மூன்று தரகரும் ஒரே விலை சொன்னார்கள், ஏறப் போகிறது என்றார்கள், குண்டூர் வரத்து நின்றுவிட்டது என்று மூவரும் காரணமும் சொன்னார்கள். வாங்கலாம் என்று கை நீட்டியிருப்பேன். தற்செயலாக லாரி ஆபீஸில் கேட்டால் குண்டூர் லாரி நேற்றும் வந்திருக்கிறது. நோண்டிப் பார்த்தால், மூவரும் காலையில் ஒரே டீக்கடையில் ஒரே கமிஷன் கடைக்காரர் வாயிலிருந்து கேட்டிருக்கிறார்கள். அவர் கிட்டங்கி நிறைய வத்தல். அதில் ஒரு தரகரைப் பிடித்துக் கேட்டேன். "அண்ணாச்சி, அவரு சொன்னாரு, நான் சொன்னேன். நான் பொய்யா சொன்னேன்?" என்கிறான்.

தப்பித்தோம் என்று சிரித்துக்கொண்டே கல்லாவில் வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

கைப்பேசியை எடுத்து அந்த மூன்று பக்கத்தையும் மறுபடி பார்த்தேன். எண்பத்திரண்டு பேர். மூன்றிலும் எண்பத்திரண்டு. முதல் பக்கம் இரண்டு வருஷம் பழையது, மற்ற இரண்டும் அதற்குப் பிறகு வந்தவை. நான் மூன்று இடத்தில் விசாரிக்கவில்லை. ஒரே வாயை மூன்று தடவை கேட்டிருக்கிறேன். அந்த வாய்க்குச் சொந்தக்காரனிடம் சூரணம் கிட்டங்கி நிறைய இருக்கிறது.

அவளிடம் இன்னும் ஒன்றும் முடிவாகச் சொல்லவில்லை என்பதே ஆறுதல்.

ஜூன் 12, வியாழன்

முதல் பக்கத்தில் அந்த இதழின் பெயர் மட்டும் இருந்தது. மூன்று வரி நீளத்துக்கு ஒரு பெயர். அதைத் தேடிப் பிடித்தேன். பூமி உருண்டைப் படம், கண்ணாடிக் குழாய்ப் படம், கீழே ஒரு வாட்ஸப் எண். ஆராய்ச்சி இதழுக்கு எதற்கு வாட்ஸப் எண்? ஒரு கடையைப் பற்றித் தெரிய வேண்டுமானால் வாங்குகிறவனாகப் போய் நிற்க வேண்டும். கட்டுரை போட வேண்டும், எவ்வளவு நாள் ஆகும் என்று அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் பதில்: மரியாதைக்குரிய டாக்டர் அவர்களே, மூன்று நாள். இரண்டு கட்டுரையாகக் கொடுத்தால் தள்ளுபடி.

நான் டாக்டர் தவசிக்கனி ஆகிவிட்டேன்.

கந்தவேல் வெளியூர் வியாபாரிகளுக்காக இங்கிலீஷில் அடித்து வைத்திருக்கும் இந்த வாரத்து விலைப்பட்டியலை அப்படியே அனுப்பினேன். கடுக்காய், தான்றிக்காய், நெல்லி வற்றல், மூட்டைக்கு என்ன விலை என்பதுதான் அதில் இருப்பது. மதியம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பதில் வந்துவிட்டது. நிபுணர் இருவர் என் கட்டுரையைப் படித்தார்களாம். மிகச் சிறந்த ஆய்வு, சிறு திருத்தங்களோடு ஏற்றுக்கொள்ளப்பட்டது, பணம் அனுப்பியதும் வெளியாகும்.

கந்தவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணாச்சி, கடுக்கா விலைய போன வாரமே மாத்தணும்னு சொன்னேன்ல, அந்தத் திருத்தந்தான் போல." நானும் சிரித்தேன். அந்த எண்பத்திரண்டு பேரும் இந்த வாசல் வழியாகத்தானே வந்திருப்பார்கள்.

சூரணத்துக்கு ஆதாரம் இல்லை, சரி. ஆதாரம் இல்லை என்பதால் கெடுதல் என்று ஆகிவிடுமா? பேசாமல் குடித்துப் பார்க்கட்டும், நன்மை இல்லாவிட்டாலும் நஷ்டம் இல்லை என்று ஒரு மனசு சொல்கிறது. அதை யாரிடம் கேட்பது?

ஜூன் 13, வெள்ளி

ஜெயக்கொடி காலையில் இரண்டு தடவை வாந்தி. மாம்பழம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். பொட்டாசியம் என்று சொல்லிப் பழமே தொடக் கூடாது என்று டாக்டர் எழுதியிருக்கிறார். எங்கே கிடைத்தது மாம்பழம் என்று கத்திவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குப்பைக் கூடையில் கொட்டையைக் காணோம்.

ஜூன் 14, சனி

மதுரையில் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம், வெளியாளை உள்ளே விடக் கூடாதாம், விட்டவர்களுக்குப் பொல்லாப்பு வரக் கூடாது. வாசலில் நின்ற என்னை நூலகர் அருள்செல்வி மேலும் கீழும் பார்த்தார். நாற்பது வயதிருக்கும், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போன நேரம்.

"நீங்க மருந்து விக்கிறவரா, வாங்குறவரா?"

"ரெண்டுந்தாம்மா. வீட்டம்மாவுக்குக் கிட்னி" என்றேன்.

டப்பாவை மூடிவிட்டு ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். ஏழு சரக்கின் பெயரையும் சொன்னேன். தமிழ்ப் பெயர் போதாது, செடியின் லத்தீன் பெயர் வேண்டும் என்றார். அது எனக்குத் தெரியும். எங்கள் தொழிலில் ஒரே பெயரில் ஊருக்கு ஊர் வேறு வேறு செடி வரும் என்பதால், கம்பெனிக்காரர்கள் லத்தீன் பெயர் இல்லாமல் சரக்கு எடுக்க மாட்டார்கள். ஏழையும் கடகடவென்று சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

பப்மெட் என்று ஒரு பக்கத்தைத் திறந்தார். அமெரிக்க அரசாங்கத்து மருத்துவ நூலகம் நடத்துகிறதாம். உலகத்தில் பல ஊர்களில் நடந்த மருத்துவ ஆராய்ச்சிகளின் சுருக்கம் அதில் இருக்கிறது, வீட்டிலிருந்தே யாரும் பார்க்கலாம், காசு இல்லை. இதில் இருப்பதெல்லாம் உண்மையா என்று கேட்டேன். "இது நூலகம்யா. தீர்ப்பு இல்ல. நல்ல படிப்பும் இருக்கும், சொத்தைப் படிப்பும் இருக்கும். சிலதப் போட்டுட்டு அப்புறம் தப்புன்னு வாபஸ் வாங்கியிருப்பாங்க, அதையும் மேலயே எழுதியிருப்பாங்க. மறைக்க மாட்டாங்க, அவ்வளவுதான்."

நான் இத்தனை நாள் எப்படித் தேடினேன் என்று கேட்டார். இந்தச் சரக்கு கிட்னிக்கு நல்லதா என்று தேடினேன் என்றேன்.

"நல்லதான்னு கேட்டா நல்லதுன்னு சொல்றவந்தான் வருவான். கெடுதலான்னும் கேக்கணும்ல."

ஒவ்வொரு பெயரோடும் சிறுநீரகச் சேதம் என்று சேர்த்து அடித்தார். நாலைந்துக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. இரண்டொன்றில் எலிக்குக் கொடுத்துப் பார்த்தது வந்தது. கடைசியாக ஆடுதீண்டாப்பாளை. அதன் குடும்பத்துப் பெயர் அரிஸ்டோலோக்கியா. பக்கம் பக்கமாக வந்து கொட்டியது. அருள்செல்வி கையை எடுத்துவிட்டு எனக்குத் தமிழில் படித்துச் சொன்னார். பெல்ஜியம் நாட்டில் உடம்பு இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள். அதில் இந்தக் குடும்பத்துச் செடி கலந்திருந்தது. சிறுநீரகம் சுருங்கி டயாலிசிஸுக்கு வந்தார்கள். சிலருக்குப் பின்னால் புற்றுநோய். பல தேசங்களில் தடை. ஒரு பக்கத்தில் இல்லை, ஒரு தேசத்தில் இல்லை. வேறு வேறு ஊரில், ஒருவரையொருவர் தெரியாத ஆட்கள், அவரவர் நோயாளியைத் தாங்களே பார்த்து எழுதியது.

முப்பது வருஷமாக நான் விற்கிற சரக்கு. தோல் வியாதிக்குப் பூசுவார்கள், பூச்சிக்கடிக்கு அரைப்பார்கள் என்று மட்டுமே தெரியும்.

நல்ல வேளை, குடி என்று அவளிடம் சொல்லவில்லை என்று அருள்செல்வியிடம் சொன்னேன். சொல்லிவிட்டுப் பேருந்து நிலையம் வரை வந்தேன். கடலைக்காரன் ஒருவன், வாங்க வந்தவரிடம், நல்ல சரக்குங்க சாப்பிட்டுப் பாருங்க என்று நாலு கடலையைக் கையில் போட்டான். அவர் தின்றுவிட்டு, நல்ல சரக்குத்தான் என்று சொல்லிவிட்டு வாங்காமல் போய்விட்டார்.

நல்ல சரக்காத்தான் தெரியுது. அப்படித்தான் நான் ஏழாம் தேதி சொன்னேன். சாம்பிளைப் பார்த்து நல்ல சரக்கு என்று சொன்னால் வாங்கிவிட்டேன் என்று அர்த்தமில்லை, சந்தையில் எல்லோருக்கும் தெரியும். ஜெயக்கொடிக்குச் சந்தை தெரியாது.

வீட்டுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. பேருந்தில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வந்தேன்.

அடுக்களையில்தான் இருந்தாள். என் சட்டை நூலகத்து ஏசியில் இருந்து வந்த சட்டை. கிட்டங்கிப் பக்கமே இன்றைக்கு நான் போகவில்லை. ஆனாலும் அந்தக் கசப்பு வாடை அடித்தது.

"அந்தச் சூரணம்..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க சொன்ன மறுநாள்லருந்து குடிக்கிறேன். மொதல்ல ரொம்பக் கசந்துச்சு. கற்கண்டு போட்டுக்கிட்டேன்."

"எங்க வாங்குன?"

"நம்ம கடையிலதான். கந்தவேல் அண்ணன்கிட்ட போன்ல சொன்னேன், ஏழும் குடுத்துவிட்டாரு. வெளிய வாங்குனா கலப்படமா இருக்கும்ல."

என் வாழ்நாளில் என் சரக்கு கலப்படமாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தது இன்றைக்குத்தான்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் மதுரை. அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்தார்கள், சேர்த்துக்கொண்டார்கள். சூரணத்தையும், ஏழு செடியின் பெயரையும் கொடுத்தேன். சின்ன டாக்டர் ஏழாவது பெயரில் நின்றுவிட்டு வெளியே போய் யாருக்கோ போன் பேசினார்.

ஜெயக்கொடி என்னிடம் பேசவில்லை. கோபமாகவும் இல்லை. ஏசினால் தேவலை.

ஜூன் 16, திங்கள்

5.3.

டாக்டர் மெஹருன்னிசாவிடம் கேட்டேன், சூரணத்தால்தானா என்று. "இருக்கலாம். வாந்தியில ஒடம்பு காஞ்சு போனதாலயும் ஏறும். நோயும் தன் பாட்டுக்கு ஏறிக்கிட்டிருந்துச்சு. எதால எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது."

திரும்ப இறங்குமா?

"தெரியாது. ரெண்டு நாள் பாப்போம்."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை படிப்புப் படித்தவர் ஒரே மூச்சில் இரண்டு தடவை தெரியாது என்கிறார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

கந்தவேலிடம் சொல்லி ஆடுதீண்டாப்பாளை மூட்டைகளைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். ஆர்டர் கேட்டால் இல்லை என்று சொல்லவும், ஏன் என்று கேட்டால் என்னிடம் பேசச் சொல்லவும். எடுத்து வைத்துவிட்டு அவரே திரும்பக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, எதுக்குன்னு கேக்காம, அம்மா கேட்டாங்கன்னு நாந்தான் நல்லா பொறுக்கி, தூசி தட்டிக் குடுத்தேன்."

ஜூன் 17, செவ்வாய்

மச்சான் வந்தார். தங்கச்சியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். "எல்லாரும் சொன்னாங்களே மாப்பிள்ள" என்றார். சண்டை போட வாய் வரவில்லை. அவர் தாள்தான் கொண்டுவந்தார். நல்லது என்ற வார்த்தை என்னுடையது.

ஜூன் 18, புதன்

4.8. இறங்கியிருக்கிறது. பழைய இடத்துக்கு வருமா என்று நான் கேட்கவில்லை.

டாக்டர், வெள்ளிக்கிழமை ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம், இப்போது முன்பைவிட அவசரம் என்றார். ஜெயக்கொடி மாட்டேன் என்றுவிட்டாள். ஏன் என்று டாக்டர் கேட்டதற்குப் போர்வையை இழுத்துக்கொண்டாள். அவர் போன பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணன் நல்லதுன்னாரு. நீங்க நல்லதுன்னீங்க. இப்ப இந்தம்மா நல்லதுங்கிறாங்க. எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்றீங்க. எனக்கு என்னத்தத் தெரியும்?"

இது வரைக்கும் எவனும் என்னை வியாபாரத்தில் இப்படி மடக்கியதில்லை.

ஜூன் 19, வியாழன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் காலை முழுக்கக் கைப்பேசியோடு இருந்தேன். பப்மெட்டில் ஃபிஸ்டுலா என்று அடித்து, கூடவே தோல்வி, கெடுதல் என்று அடித்தேன். புரியாத இடத்தில் அருள்செல்விக்குப் போன் போட்டேன். சனிக்கிழமையோடு உங்கள் வேலை முடிந்தது என்று நினைத்தேன் என்றார், ஆனாலும் சொல்லிக் கொடுத்தார். யார் பணம் கொடுத்து அந்தப் படிப்பு நடந்தது என்பதைக் கடைசியில் எழுதியிருப்பார்கள், அதையும் பாருங்கள் என்றார். பார்த்தேன்.

மதியம் அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், முதலில் கெட்டதை. சிலருக்கு இணைத்த குழாய் தேறாமலே போகும், திரும்பக் கீற வேண்டி வரும். நூற்றுக்கு எத்தனை பேர் என்பது ஒவ்வொரு படிப்பிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. இருபது என்கிறவர்களும் உண்டு, அதைவிடக் கூடுதலாகச் சொல்கிறவர்களும் உண்டு. பொம்பளைகளுக்குக் குழாய் மெல்லிசு என்பதால் தேறாமல் போவது கொஞ்சம் அதிகம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது, ஊசி போடவோ பிரஷர் பார்க்கவோ விடக் கூடாது. தேறிவிட்டால், கழுத்தில் போடுகிற குழாயைவிடக் கிருமி பயம் குறைவு. இதை மட்டும் நான் பார்த்த எல்லோரும், வேறு வேறு ஊரிலிருந்து, அவரவர் கண்டு சொல்கிறார்கள்.

"உங்களுக்கு என்ன தோணுது?" என்றாள்.

செய்துகொள்ளலாம் என்றுதான் தோன்றுகிறது என்றேன்.

"எனக்குத் தேறுமா?"

நாக்கு நுனியில் வந்துவிட்டது, எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று. விழுங்கினேன். "தெரியாது ஜெயா" என்றேன்.

எழுந்து உட்கார்ந்தாள். பிறகு தட்டிலிருந்த இட்லியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

ஜூன் 20, வெள்ளி

காலையில் நர்ஸ் வந்து இடது கையில் வளையல் இருக்கக் கூடாது, இனிமேலும் கூடாது என்றார். அவள் முகம் மாறியது. ஒரு கை மூளியாக நிற்பதற்கு எந்தப் பெண் சம்மதிப்பாள். நான் வெளியே போகிறேன் என்று எழுந்தேன். "எங்க போறீங்க? சோப்ப எடுங்க" என்றாள்.

கை வீங்கியிருந்ததால் கண்ணாடி வளையல் இரண்டு உடைந்தது. மீதியைச் சோப்புத் தண்ணீரில் ஒவ்வொன்றாக நான் உருவினேன். உருவ உருவ அவள் எடுத்து வலது கையில் மாட்டிக்கொண்டாள். முழங்கை வரை ஏறிவிட்டது.

சம்மதத் தாளை நீட்டினார்கள். வழக்கமாக நான்தான் வாங்கி, எங்கே என்று கேட்டு விரலை வைத்துக் காட்டுவேன், அவள் போடுவாள். இன்றைக்குத் தாளை அவளே வாங்கினாள். தமிழில் இருந்தது. வாயால் முணுமுணுத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நர்ஸ் மணியைப் பார்த்தார், பேனாவை நீட்டினார்.

"படிச்சு முடிக்கலல்ல. நில்லும்மா" என்றாள்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாள். நர்ஸ் சொன்னார். பிறகு கையெழுத்துப் போட்டாள். அத்தனை வளையலும் சேர்ந்து சலங்கை மாதிரி சத்தம் போட்டது.

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மச்சான் எதிரில் கோயில் குங்குமத்தோடு நிற்கிறார். நல்லபடியா முடியும்ல மாப்பிள்ள, நல்லபடியா முடியும்ல என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

தெரியாது மச்சான். அவளிடமும் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.